கடவை அக்காவின் நாலு நிமிடம்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டதும் இராசேஸ்வரி அக்கா முதலில் தன்னுடைய தேநீர்க் கிளாசைப் பீரிசுத் தட்டால் மூடுவார். அடுத்து, கடை வாசல் ஆணியில் தொங்கும் சிவப்புத் துணியை எடுப்பார். அதற்கடுத்தது செருப்பு. குனிந்து வாரைச் சரியாக மாட்டும்வரை ஓரடியும் வைக்கமாட்டார். பாதி வழியில் செருப்புக் கழன்றால் யாராவது ஒருவருடைய உயிர் போய்விடும் என்பது அவர் நினைப்பு. இவ்வளவும் முடிந்து கிரவல் ரோட்டின் நடுவில் போய்த் துணியை விரித்துப் பிடித்தால், ரயில் வந்து சேர இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்.

பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், பெரிய வீதியிலிருந்து வயல்களுக்குள் இறங்கும் எங்கள் ரோட்டைத் தண்டவாளம் குறுக்கறுத்துப் போகிறது. அந்தக் கடவையில் மணி இல்லை, விளக்கு இல்லை, ரோட்டை மறிக்கப் படலை இல்லை. ஒரு பலகை மட்டும் உண்டு. அதிலும் பாதி எழுத்தை வெயில் தின்றுவிட்டது. தெற்குப் பக்கம் தண்டவாளம் வளைகிறது. வளைவை மறைத்துக்கொண்டு பற்றைக்காடு. ரயில் கண்ணில் பட்டுவிட்டதென்றால் அது ஆளிடம் வந்துவிட்டது என்று பொருள். கடவையோரம் ஒரு தகரக் கொட்டில்: தேநீர், வடை, வாய்ப்பன். ஐம்பத்தெட்டு வயது அக்கா அதன் முதலாளி. ஐந்து வருடமாகக் கடவைக்கும் அவர்தான் காவல். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஊரில் அவருக்குப் பெயரே 'கடவை அக்கா'.

நான் கடவைக்கு அப்பாலுள்ள பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். காலையும் மாலையும் அக்காவின் துணிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறவன். அந்தத் துணிகூட எங்கள் பாடசாலையின் சொத்துத்தான். விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லம் கடைசியாக வந்த வருடம், “இனி உங்களுக்கு இது என்னத்துக்கு?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

துணிக்கு முன்னால் நிற்பவர்களுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. எஞ்சினை நிறுத்த வேண்டும். “எஞ்சின் இரைஞ்சுகொண்டு நிண்டா கோச்சி வாறது காதிலை விழாது” என்பார். ரயில் அவருக்கு எப்போதும் கோச்சிதான். இதை வாயால் சொல்வது முதல்நாள் மட்டும். மறுநாளிலிருந்து சைகை: முதலில் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், பிறகு இரண்டு விரலால் காற்றில் எஞ்சின் திறப்பைத் திருகி அணைப்பதுபோல ஒரு திருகு. திருகிய பிறகும் எஞ்சின் ஓடினால் அந்த ஆளுக்கு அன்று கெட்டகாலம். துணிக்குப் பக்கத்தால் பாய்ந்து போகிற வீரர்களுக்குத் தண்டனை இன்னும் பெரிது. “கடவையிலை நில்லாதவைக்கு என்ரை கடையிலை தேத்தண்ணி இல்லை.” கிராம அலுவலருக்கே ஒருமுறை தேநீர் இல்லாமற் போனது. மனிதர் ஒரு கிழமை வடையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

இது தொடங்கியது ஒரு சைக்கிள் சங்கிலியால். ஏழாம் வகுப்புச் சாரங்கா கடவையில் ஏறும்போது சங்கிலி கழன்றுவிட்டது. பிள்ளை தண்டவாளத்தின் நடுவிலேயே குனிந்து அதை மாட்டத் தொடங்கியிருக்கிறாள். அக்கா கடையிலிருந்து ஓடிப்போய்ப் பிள்ளையின் பின்னல் இரண்டையும் பிடித்து இழுத்து வெளியே போட்டார். சைக்கிளை ரயில் கொண்டுபோனது. நெளிந்த முன்சில்லு இன்றைக்கும் கொட்டில் கூரையில் தொங்குகிறது. மறுநாள் காலையிலிருந்து அக்கா ரோட்டில் நிற்கிறார்.

நிற்கத் தொடங்கியவருக்குப் பிறகு அசைய முடியவில்லை. பகலில் இரு பக்கமும் போகிற வருகிற ரயில்கள் அவருடைய நாளைத் துண்டுதுண்டாக வெட்டிவைத்திருக்கின்றன. கலியாண வீட்டில் பந்திக்கு முன்னமே எழும்பிவிடுவார். கோயில் திருவிழாவில் சாமி வெளிவீதி வருமுன் காணாமற் போய்விடுவார். கனகராயன்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் வினோஜாவுக்குப் பெண்குழந்தை பிறந்து ஏழு மாதம். பேத்தியை அவர் மடியில் வைத்திருந்தது மொத்தம் நாலு தடவை. அதுவும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே. “பிள்ளை என்னைக் கண்டா அழுகுது, மாஸ்ரர். ஆரோ வேத்தாள் எண்டு நினைக்குது” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடவைக்கு மணியும் விளக்கும் கேட்டு அவர் முயற்சி செய்யாமலும் இல்லை. போன வருடம் ஓர் எம்.பி. இந்தப் பக்கம் வந்தபோது, இரண்டு ரயில்களுக்கு நடுவில் ஓடிப்போய்ச் சந்தித்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். அக்கா கதிரையில் இருந்தார், சீலைத் தலைப்பைச் சரிசெய்தார், தொடங்கினார்: “தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஐப்பசி மாதம், நாங்கள் கொக்குவிலாலை வெளிக்கிட்டனாங்கள்...”

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். வன்னியில் ஒருவரிடம் உங்கள் கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதல் இடப்பெயர்வில் தொடங்குவார். படிவத்தோடு வந்தவர்கள் அத்தனை பேரும் எங்களிடம் அந்த ஒழுங்கில்தானே கேட்டார்கள்? எப்போது இடம்பெயர்ந்தீர்கள், அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே, எத்தனை பேரை இழந்தீர்கள். மாட்டுக்கொட்டில் தருவதற்கும் அதே கேள்வி, கோழிக்குஞ்சு தருவதற்கும் அதே கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி, வாய் திறந்தால் அந்த ஒழுங்கில்தான் கதை வருகிறது. நடுவிலிருந்து தொடங்கினால் பொய் சொல்வதுபோலக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி வந்து, கிளாலிக் கடல் கடந்து, அக்கராயனில் ஒரு மாமரத்தின் கீழ் ஒன்றரை வருடம் இருந்து, பரந்தனுக்கு வந்து, மறுபடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்து, கணவரைப் பறிகொடுத்து, செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்று, தகரமும் சீமெந்தும் வாங்கிக்கொண்டு திரும்பிய இடத்தில் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. பக்கத்திலிருந்த செயலாளர் 'வீட்டுத்திட்டம்' என்று எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் கடிதமும் வந்தது: தங்கள் வீட்டுக் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. அக்காவுக்கு வீடு இருக்கிறது. கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசையின் காலுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

“ரெண்டாயிரத்துப் பத்துவரைக்கும் வந்திட்டன், மாஸ்ரர். கோச்சி திரும்ப ஓடத் துவங்கினது பதினாலிலை. கோச்சி வரமுதலே எனக்கு நேரம் முடிஞ்சுபோச்சு.”

இந்த வருடம் வேறோர் எம்.பி. கிளிநொச்சியில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கந்தோர் திறந்து, சனிக்கிழமைகளில் மக்களைச் சந்திக்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஆளுக்கு நாலு நிமிடம். அக்காவுக்கு அடுத்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பத்தேகாலுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த அன்றே என்னிடம் வந்து, “எழுதித் தாங்கோ” என்றார். என்னிடம் இதைக் கேட்பதற்கு ஆள் வராதா என்று நான் பல வருடமாகக் காத்திருந்தேன். இரவிரவாக அல்ல, இரண்டு நாள் மாலையில் ஆற அமர இருந்து எழுதினேன். 'வரலாற்றுச் சிறப்பும் வயல் வளமும் ஒருங்கே வாய்ந்த எமது கிராமம்' என்று தொடங்கும். ஐம்பதுகளில் காடு வெட்டிக் குடியேறியது, வாய்க்கால் வந்தது, பாடசாலை எழுந்தது எல்லாம் ஒழுங்காக வரும்.

அக்கா வடைச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். “நல்ல தமிழ்” என்றார். பிறகு, “கோச்சி எத்தினையாம் பக்கத்திலை வருது?”

“இரண்டாம் பக்கத்தில்.”

“அப்ப நீங்களும் என்னைப் போலைதான்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு நாள் அந்தக் கடையில் தேநீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, கிளாசை நீட்டி, தன்னுடைய திட்டத்தைச் சொன்னார். எழுத்து வேண்டாம், வாயால் பழக வேண்டும். கிளிநொச்சி நிலையத்தில் ஊதினால் ரயில் கடவைக்கு வர நாலு நிமிடம். அந்தக் கந்தோரில் கொடுப்பதும் நாலு நிமிடம். ஊதல் கேட்டதும் தொடங்கி, ரயில் வரமுன் முடித்துவிட்டால் சரி. கேட்பதற்கு ஆளுக்கும் குறைவில்லை; துணிக்கு முன்னால் நிற்கிறவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள்?

அடுத்த நாள் காலையிலிருந்து எங்கள் கடவையில் இந்தக் கூத்து நடந்தது. துணியை விரித்துக்கொண்டு, வளைவில் ஒரு கண்ணும் எங்களில் ஒரு கண்ணுமாக, அக்கா பேசிப் பழகினார். “வணக்கம் ஐயா. தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு...” என்று வாய் தானாகப் போகும். கிளாலி வருவதற்குள் ரயில் வந்துவிடும். இரைச்சல் ஓய்ந்ததும் உழவு இயந்திரக்கார நிரோஜன் தன்னுடைய ஆசனத்தில் நிமிர்ந்து இருந்து, எம்.பி.யின் குரலில், “சரியம்மா, இப்ப உங்களுக்கு வீடோ வேணும்?” என்பான். கூட்டம் சிரிக்கும். அக்கா துணியைச் சுருட்டி அவன்மேல் எறிவார்.

கிளினிக்குக்குப் போகும் கிருசாந்தினி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “அக்கா, கோச்சியிலை துவங்குங்கோவன். மற்றதை அவர் கேட்டாச் சொல்லலாம்.”

“கேக்கமாட்டினம், பிள்ளை. அவை கேக்கமாட்டினம். அதுதானே முன்னுக்கே சொல்லுறன்.”

அன்றைக்கு ரயில் போய் முடிந்தும் நிரோஜன் உழவு இயந்திரத்தைக் கிளப்பவில்லை.

ஆனாலும் கதை மெல்லமெல்ல இளைத்தது. முதலில் மாமரம் போனது. பிறகு தகரமும் சீமெந்தும். முகாம் வரிசை போக ஒரு கிழமை எடுத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை உள்ளே வந்தது. காலை ரயில் நேரத்தில் கடவையைக் கடக்கும் மாணவர்கள் எத்தனை பேர் என்று அக்காவிடம் விரல் நுனியில் இருந்தது: நாற்பத்தேழு. 'ஐம்பதுக்கும் மேற்பட்ட' என்று சொன்னால் கனமாக இருக்கும் என்று நான் யோசனை சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கடவையைப் பாய்ந்து கடந்தவன் ஆகிவிட்டேன். “ஆரும் வந்து எண்ணிப் பாத்தா? அதோடை நாப்பத்தேழும் இல்லை. மேரியின்ரை மூத்தவன் இப்ப கிளிநொச்சியிலை படிக்கிறான். நாப்பத்தாறு.”

எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் போகவில்லை. கணவர். அவரை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் குரல் கீழே இறங்கிவிடும். அடுத்த வசனம் மறந்துவிடும். சனிக்கிழமைக்கு முதல்நாள் மாலை, பாடசாலை விட்டு வந்த என்னை வாங்கில் இருத்தி, நேரே கேட்டார்: “மாஸ்ரர், அவரைச் சொல்லாமல் நான் எப்பிடிக் கதைக்கிறது? அவர் இல்லாத மாதிரியெல்லோ ஆகிப்போகும்.”

இருபது வருடமாக இலக்கணம் கற்பிக்கிறேன். “எனக்குச் சொல்லுங்கோ, அக்கா. ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ” என்றேன். வேறு எதுவும் தோன்றாததால்தான் சொன்னேன்.

சொன்னார். கொக்குவில் வீட்டின் கிணற்றடியில் தொடங்கினார். மாமரத்தை விடவில்லை, மாமரத்தின் கீழ் அவர் கணவர் கட்டிக்கொடுத்த ஊஞ்சலையும் விடவில்லை. நடுவில் இரண்டு ரயில் வந்தது. இரண்டு தடவையும் எழுந்து போய், துணி பிடித்து, திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே தொடங்கினார். கணவர் விழுந்த இடம், அவரை மூடிய சீலையின் நிறம், அன்றைக்கு அவர் கடைசியாகச் சொன்னது எல்லாம் சொன்னார். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொன்னது. முடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பீரிசை எடுத்துப் பார்த்து, ஆறிப்போன தேநீரை ஊற்றிவிட்டு, “இப்ப வயித்துக்கை ஒண்டும் இல்லை. நாளைக்குக் கோச்சியை மட்டும் கதைப்பன்” என்றார்.

சனிக்கிழமை அவர் கிளிநொச்சி போனார். கடவைக்கு நான். செருப்பை மாட்டச் சொன்னார். நான் சப்பாத்துப் போட்டிருந்தேன், அதையும் குனிந்து பார்த்தார். பத்து மணி பதினேழுக்கு ஊதல் கேட்டது. நான் துணியை விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். ரியூசன் வகுப்புக்குப் போகும் சைக்கிள்கள் ஏழெட்டு என்னை நோக்கி வந்தன. அவை நின்றன, மாஸ்ரர் என்ற பயத்தில். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மட்டும், “என்ன மாஸ்ரர், உடற்பயிற்சியோ?” என்று கேட்டுக்கொண்டே என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். கையை விரித்தேன், விரலைத் திருகினேன். அவர் சிரித்தார். அக்காவின் கையில் இருந்த ஏதோ ஒன்று என் கையில் இல்லை. நல்லவேளை, நிரோஜன் வந்தான். ஒன்றும் பேசாமல் உழவு இயந்திரத்தை ரோட்டுக்குக் குறுக்கே விட்டு நிறுத்தினான். எல்லோரும் நின்றார்கள். வளைவால் வந்த ரயில் என் முதுகுக்குப் பின்னால் தடதடத்துப் போனது. சட்டை நனைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெரியாத இலக்கமொன்றிலிருந்து கைபேசி அடித்தது. அக்கா.

“மாஸ்ரர், கோச்சி போட்டுதோ?”

“போட்டுது, அக்கா.”

“எல்லாரும் நிண்டவையோ?”

“நிண்டவை. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.”

மறுமுனையில் நீண்ட ஒரு மூச்சுக் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல் வந்தது, அமைதியான குரல். தான் எம்.பி. என்று சொன்னது. “நீங்கள் இப்ப அந்தக் கடவையிலை நிக்கிறியளோ? எப்பிடி இருக்கு அங்கை?”

நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். வரலாற்றுச் சிறப்பும் வயல் வளமும். வாயைத் திறந்தேன். “பயமாயிருக்கு, ஐயா” என்பது மட்டும்தான் வந்தது.

அங்கே நடந்ததைப் பின்னேரம் அக்காவே சொன்னார். கதிரையில் இருந்ததும் தொண்ணூற்றைந்து தொண்டைவரை வந்ததாம், விழுங்கிவிட்டாராம். “ஐயா, எங்கடை ரோட்டை ஒரு கோச்சிப் பாதை வெட்டிப் போகுது. மணி இல்லை, வெளிச்சம் இல்லை, படலை இல்லை. காலமைக் கோச்சிக்கு நாப்பத்தாறு பிள்ளையள் கடக்குதுகள். அஞ்சு வருசமா நான் ஒரு துணியோடை நிக்கிறன். எனக்கு வயசு போகுது. மணியும் வெளிச்சமும் படலையும் போட்டுத் தாங்கோ.” அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது நிலையத்தில் ரயில் ஊதியது.

“நான் எழும்பி நிண்டிட்டன், மாஸ்ரர். எனக்கே தெரியாது. காலாலை செருப்பைத் தேடுறன். அந்தக் கந்தோரிலை செருப்பை வாசலிலை கழட்டி விட்டிட்டெல்லோ போனனான். ஐயா கேட்டார், என்னம்மா எண்டு. கோச்சி வெளிக்கிட்டிட்டுது, நாலு நிமிசத்திலை அங்கை போயிடும் எண்டன். இப்ப அங்கை ஆர் நிக்கினம் எண்டு கேட்டார். ஒரு வாத்தியார் நிக்கிறார், ஆனா அவருக்கு ஆரும் நிக்கமாட்டினம் எண்டன். அதுக்குப் பிறகு எனக்கு இருக்க ஏலாமல் போச்சு. நிண்டுகொண்டு சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். ஐயாவும் பாத்தார். நாலு நிமிசம் முடிய, இந்தாங்கோ, எடுத்துக் கேளுங்கோ எண்டு தன்ரை போனைத் தந்தார்.”

என்னைப் பற்றிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மைதானே.

வெளியே வரமுன் அக்கா ஒரு காரியம் செய்திருக்கிறார். இந்த எம்.பி.யின் செயலாளர் பிரதாபன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “தம்பி, என்ன எழுதினீங்கள் எண்டு ஒருக்கா வாசியுங்கோ” என்று கேட்டிருக்கிறார். அவர் வாசித்தார்: ரயில் கடவை, மணி, விளக்கு, படலை, நாற்பத்தாறு பிள்ளைகள். “வீடு இல்லைத்தானே?” “இல்லையம்மா.” “அப்ப சரி” என்று வெளியே வந்து செருப்பை மாட்டினாராம்.

திங்கட்கிழமை காலை எம்.பி. வந்தார். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. துணிக்கு முன்னால் நாலாவது ஆளாக அவருடைய வாகனம் நின்றது. அக்கா உள்ளே இருப்பது யாரென்று பார்க்கவில்லை; சாரதியைப் பார்த்து விரலைத் திருகினார். எஞ்சின் நின்றது. பிள்ளைகளையும் வளைவையும் ரயிலையும் எம்.பி. இறங்கி நின்று பார்த்தார். அக்கா தேநீர் கொடுத்தார். அதன் பிறகு ரயில்வே ஆட்கள் கடவையை அளக்க வந்தார்கள், மறுபடி அளக்க வந்தார்கள், நடுவில் இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. இதுவும் மேசைக் காலுக்குத்தான் போகப்போகிறது என்று நான் நினைத்தேன். பிரதாபனுக்கு அக்கா கிழமைக்கொரு தடவை தொலைபேசி எடுத்தார். கதை எப்போதும் ஒரு வசனம்: “நாப்பத்தாறு, தம்பி.” ஆவணி முடிகிற நேரம் கம்பங்கள் வந்து இறங்கின.

மணி முதல் தடவை அடித்த காலை நான் அங்கே இருந்தேன். விளக்குகள் மாறிமாறிச் சிவந்தன. வெள்ளையும் சிவப்புமான தடிகள் இரண்டு பக்கமும் தாமாக இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்கா ரோட்டுக்கு வரவில்லை. கொட்டில் வாசலில் செருப்பு மாட்டிய காலோடு நின்று, ரயில் முழுவதும் போய் முடியும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போய், கிளாசின் பீரிசை எடுத்தார். “இன்னும் சூடாயிருக்கு” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மறைக்கவும் இல்லை. ஐந்து வருடத்தில் அந்தப் பெண் சூடான தேநீர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு கிழமை அவர் நம்பவில்லை. மணி அடித்தாலும் துணியோடு ஓரமாக நின்று பார்த்தார். ஒரு கிழமை முடிந்ததும் கொட்டிலைப் பூட்டி, 'வியாழக்கிழமை வருவேன்' என்று ஓர் அட்டையில் என்னைக்கொண்டு எழுதுவித்துக் கட்டினார். அதில் என் தமிழுக்கு இடமே வைக்கவில்லை. பேத்திக்கு வாங்கிய கிலுக்கட்டியும், நாலு நாளுக்குச் சீலையும் பையில் இருந்தன. பஸ்ஸில்தானே போவீர்கள் என்று கேட்டேன். “இல்லை. பரந்தனிலை கோச்சி ஏறி, மாங்குளத்திலை இறங்கி, அங்கையிருந்து பஸ். இவ்வளவு நாளும் வெளியிலை நிண்டு பாத்தனான். உள்ளுக்கை என்னதான் இருக்கெண்டு பாப்பம்.”

அவர் பயணம் போன ஞாயிறு காலை, வேலை எதுவும் இல்லாமலே நான் கடவைக்குப் போனேன். பரந்தன் பக்கம் ஊதியது. மணி அடித்தது, தடிகள் இறங்கின. எனக்குப் பின்னால் நிரோஜனின் உழவு இயந்திரமும் நாலைந்து சைக்கிள்களும் வந்து நின்றன. எஞ்சின் வந்தது, ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. மூன்றாவது பெட்டியின் யன்னலால் ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை எங்களைப் பார்த்து விரிந்தது. பிறகு இரண்டு விரல் சேர்ந்து காற்றில் ஒரு திருகு திருகியது.

என் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. திறப்பைத் திருகி நிறுத்தினேன்.